ஆடியவர் பெயர் தெரியும்; ஆட்டுவித்தவர் பெயர்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டு எடுத்து வந்து உட்கார்ந்து படியுங்கள்.

இப்போதெல்லாம் மாதத்துக்கு ஒரு அரங்கேற்ற அழைப்பிதழாவது வாட்ஸ்அப்பில் எனக்கு வந்துவிடுகிறது. என்னிடம் மூன்றாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு படித்த பிள்ளைகளின் பிள்ளைகள் சலங்கை கட்டுகிறார்கள் என்றால் யாருக்குத்தான் மகிழ்ச்சி இருக்காது? ஆனால் அந்த அழைப்பிதழ்களில் ஒன்றைக் கவனித்து வருகிறேன். ஆடும் பிள்ளையின் படம் பெரிதாக இருக்கும். தலைமை தாங்குபவர், சிறப்பு விருந்தினர், வாழ்த்துரை வழங்குவோர் எல்லாரும் பட்டங்களோடு வரிசையாக இருப்பார்கள். கீழே, பக்கவாத்தியக்காரர்களோடு சேர்த்துப் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: "நட்டுவாங்கம்: இன்னார்." ஏழெட்டு ஆண்டுகள் அந்தப் பிள்ளையின் கால் ஒவ்வொன்றையும் திருத்தியவருக்கு அந்த ஒரு வரிதான்.

எனக்கு நடனம் ஆடத் தெரியாது. ஆசிரியர் பயிற்சி முடித்து, தொடக்கப் பள்ளியில் அ, ஆ சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். ஆனால் கற்றுக்கொடுப்பது என்றால் என்ன என்பது தெரியும். அதனால்தான் பரதநாட்டியத்தின் வரலாற்றை ஆடியவர்கள் பக்கமிருந்து பார்க்காமல், ஆட்டுவித்த நட்டுவனார்கள் பக்கமிருந்து சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில், நட்டுவனார் என்ன செய்கிறார்? கச்சேரியில் அவர் கையில் ஒரு சோடித் தாளம் இருக்கும். ஒன்று வெண்கலம், மற்றொன்று இரும்பு. அதைத் தட்டிக்கொண்டே வாயால் சொல்லுக்கட்டுச் சொல்வார். ஆடுபவரின் வேகம், நிறுத்தம், அடுத்த ஜதி எல்லாம் அவர் கட்டுப்பாட்டில். வகுப்பில் தாளத்துக்குப் பதில் தட்டுக்கழி. மரப்பலகையில் கழி விழும் ஓசைக்கு அடவு விழ வேண்டும். பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறதா, முழங்கால் நிமிர்ந்துவிட்டதா, பார்வை கையை விட்டு விலகிவிட்டதா என்று ஒரே நேரத்தில் பார்க்கும் கண் அவருடையது. 40 பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டே பின்பெஞ்சைக் கவனிக்கும் வித்தை ஆசிரியர்களுக்குத் தெரியும். இதுவும் அதே இனம்தான்.

இந்த ஆசிரியரைப் பற்றி நம் இலக்கியம் நன்றாகவே பேசியிருக்கிறது. சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதை படித்திருப்பீர்கள். மாதவி 5 வயதில் பயிற்சி தொடங்கி, 7 ஆண்டுகள் கற்று, 12 வயதில் சோழ மன்னன் முன் அரங்கேறுகிறாள். அவள் ஆடுவதைச் சொல்லும் முன்பே இளங்கோவடிகள் ஆடல் ஆசிரியன் எப்படி இருக்க வேண்டும் என்று இலக்கணம் சொல்கிறார். பிறகு இசை ஆசிரியன், பாட்டு இயற்றும் புலவன், தண்ணுமை வாசிப்பவன், குழல் ஊதுபவன், யாழ் ஆசிரியன் என்று ஒவ்வொருவரின் தகுதியும் வருகிறது. அதற்கும் பிறகுதான் மேடையின் அளவே வருகிறது. எவ்வளவு பெரிய மரியாதை! ஆனால் ஒன்று கவனியுங்கள். மாதவிக்குப் பெயர் உண்டு. அவளை ஆட்டுவித்த ஆசானுக்கு அங்கே பெயர் இல்லை.

பெயர் எழுதியவர் ராஜராஜ சோழர். தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகும்போது கோபுரத்தை மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கோயிலில் ஆடுவதற்காகப் பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் அங்கே கல்லில் இருக்கின்றன. யார் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருச்சிறகில் எந்த வீடு அவருடையது என்பது வரை எழுதியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு வீடு. ஆண்டுக்கு 100 கலம் நெல் ஒரு பங்கு. அதே கல்வெட்டில் நட்டுவம் செய்தவர்களின் பெயரும் அவர்களுக்குரிய பங்கும் இருக்கின்றன. ஆடியவரையும் ஆட்டுவித்தவரையும் ஒரே பட்டியலில் வைத்த அந்தக் கணக்குப்பிள்ளையை நான் மனதாரக் கும்பிடுகிறேன்.

அங்கிருந்து 800 ஆண்டுகள் தாண்டி வருவோம். அதே தஞ்சாவூர், இப்போது மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியின் காலம். சுப்பராயன் என்ற நட்டுவனாருக்கு நான்கு மகன்கள். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. 1802 முதல் 1810-க்குள் பிறந்தவர்கள். இசையை முத்துசுவாமி தீட்சிதரிடம் கற்றார்கள். இவர்களைத்தான் தஞ்சை நால்வர் என்கிறோம்.

இவர்கள் செய்த பெரிய வேலையை ஒரு ஆசிரியையாகச் சொல்வதென்றால், பாடத்திட்டம் போட்டார்கள். அதுவரை ஆடிவந்த உருப்படிகளை ஒழுங்குபடுத்தி ஒரு வரிசை அமைத்தார்கள். முதலில் அலாரிப்பு, உடம்பு மட்டும் அசையும், பாட்டு இல்லை. அடுத்து ஜதிஸ்வரம், இப்போது ஸ்வரம் சேரும், பொருள் இல்லை. பிறகு சப்தம், முதன்முதலாகச் சொல்லுக்கு அபிநயம். அதன்பின் வர்ணம், நடனமும் அபிநயமும் இசையும் தாளமும் முழு பலத்தோடு கூடும் இடம். அந்த உழைப்புக்குப் பின் பதம், ஜாவளி; உடல் ஓய, உள்ளம் பேசும். கடைசியில் தில்லானா. எளியதிலிருந்து கடினத்துக்கு, தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு என்று ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்களே, அதே முறை. குழுவும் இல்லை, அரசாணையும் இல்லை. ஏறத்தாழ 200 ஆண்டுகளாக உலகம் முழுவதும் அரங்கேற்றங்கள் இந்த வரிசையில்தான் நடக்கின்றன. எனக்குத் தெரிந்து இவ்வளவு காலம் நின்ற பாடத்திட்டம் வேறில்லை.

நால்வரில் சின்னையா மைசூரில் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் அவைக்குப் போனார். வடிவேலு திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாளின் அவைக்குப் போனார். கர்நாடக இசையில் வயலினுக்கு இடம் தேடித் தந்தவர்களில் வடிவேலுவும் ஒருவர். 1834-ல் சுவாதித் திருநாள் அவருக்கு யானைத் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார். பொன்னையாவும் சிவானந்தமும் தஞ்சையோடு இருந்தார்கள். தஞ்சை மேலவீதியில் அவர்கள் குடும்பத்து வீடு நெடுங்காலம் நடனப் பள்ளியாகவே விளங்கியது.

இனி நம் பக்கத்து ஊர்களுக்கு வருகிறேன். மயிலாடுதுறை, கும்பகோணம் பேருந்தில் நீங்கள் நூறு முறை கடந்த ஊர்கள்தான். பந்தநல்லூர், வழுவூர், திருவாளப்புத்தூர். வழுவூர் என்றால் நமக்கு யானை உரித்த பெருமான் நினைவுக்கு வருவார். பந்தநல்லூர் என்றால் பசுபதீஸ்வரர். ஆனால் மும்பையிலோ லண்டனிலோ பரதநாட்டியம் தெரிந்த ஒருவரிடம் "நான் பந்தநல்லூர்ப் பக்கம்" என்று சொல்லிப் பாருங்கள். எழுந்து நின்று கைகுலுக்குவார். ஊர்ப் பெயரே ஒரு பாணியின் பெயராகிவிட்டது. பந்தநல்லூர் பாணி, வழுவூர் பாணி. இரண்டையும் அப்படி ஆக்கியவர்கள் நட்டுவனார்கள்.

பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1869–1954) தஞ்சை நால்வரின் வழியில் வந்தவர். அவர் வாழ்நாளின் நடுவில்தான் பெரிய புயல் அடித்தது.

அந்தப் புயலை இரண்டு பக்கமும் பார்த்துச் சொல்ல வேண்டும். கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட்ட பெண்களின் வாழ்க்கையில் நடந்த சுரண்டல் பொய்யில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதற்கு எதிராகச் சட்டமன்றத்தில் போராடினார். அவருடைய தாயாரே அந்த மரபில் வந்தவர். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் நம் மயிலாடுதுறை மண்ணில் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1936-ல் அதைப் பற்றி நாவலே எழுதினார். 1947-ல் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் வந்தது. அது வந்தே ஆக வேண்டிய சட்டம். எத்தனையோ சிறுமிகளின் தலையெழுத்து மாறியது.

ஆனால் வழக்கத்தோடு சேர்த்து ஆட்டத்தையும் வெறுக்கும் மனநிலை அந்த நாளில் வளர்ந்தது. சதிர் என்ற சொல்லே கூசும் சொல்லாகிவிட்டது. கல்யாணங்களில் சதிர் வைப்பது நின்றது. கோயிலில் ஆட முடியவில்லை. தாய் தன் மகளுக்கு அடவு சொல்லித் தர அஞ்சினாள். ஒரு கலை முழுவதும் சில நூறு குடும்பங்களின் உடம்பிலும் நினைவிலும் மட்டுமே இருந்தது. அந்தக் குடும்பங்கள் வாயை மூடிக்கொண்டன.

அப்போது வழக்கறிஞர் இ. கிருஷ்ண ஐயர் என்பவர் வாதாட எழுந்தார். தாமே பெண் வேடமிட்டு மேடைகளில் சதிர் ஆடிக் காட்டியவர் அவர். 1932-ல் நாளிதழ் வழியாக அவருக்கும் முத்துலட்சுமி ரெட்டிக்கும் காரசாரமான விவாதம் நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டே, 1931-ல், சென்னை மியூசிக் அகாடமி மேடையில் இரு சகோதரிகளை ஆட வைத்திருந்தார்கள். திருவாளப்புத்தூர் கல்யாணி அம்மாளின் மகள்கள் ராஜலட்சுமியும் ஜீவரத்தினமும். அவர்களைத் தயார் செய்தவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அவர்கள் 1933-ல் மீண்டும் ஆடியபோது பார்வையாளர்களில் ஒருவராக இருந்தார் ருக்மிணி தேவி அருண்டேல். அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவர் தாமே கற்றுக்கொள்ள முடிவு செய்தார். வரலாற்றுப் புத்தகங்களில் ருக்மிணி தேவியின் பெயர் பெரிதாக இருக்கிறது, இருக்கத்தான் வேண்டும். அவரை அந்த முடிவுக்குக் கொண்டுவந்த திருவாளப்புத்தூர்ப் பெண்கள் இருவரின் பெயரை எத்தனை பேர் சொல்வார்கள்?

ருக்மிணி தேவிக்கு அப்போது 30 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வயதில் முதல் அடவு! மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்றார். 1935-ல் அடையாறு பிரம்மஞான சபையில் மேடையேறினார். 1936-ல் கலாக்ஷேத்திரா பிறந்தது. மீனாட்சிசுந்தரம் பிள்ளை அங்கே வந்து கற்பித்தார். அவருக்குப் பின் மருமகன் சொக்கலிங்கம் பிள்ளை கற்பித்தார். மிருணாளினி சாராபாய், பெங்களூர் ராம் கோபால், சாந்தா ராவ் என்று வெளியூர்க்காரர்களும் பந்தநல்லூராரைத் தேடி வந்து கற்றார்கள். மிருணாளினி அகமதாபாத்தில் தர்ப்பணா என்ற நடனப் பள்ளியையே நிறுவினார். ராம் கோபால் ஐரோப்பிய மேடைகளுக்கு எடுத்துப் போனார். இப்படி எங்கெங்கோ விழுந்த விதையெல்லாம் பந்தநல்லூர் வீட்டுத் திண்ணையிலிருந்து போனது.

மறுபக்கம், தம் பாட்டி வீணை தனம்மாளின் வீட்டில் இசைக்கு நடுவே வளர்ந்த தஞ்சாவூர் பாலசரஸ்வதி (1918–1984). 1925-ல், 7 வயதில், காஞ்சிபுரத்தில் அம்மன் சந்நிதியில் அரங்கேறினார். அவருடைய ஆசான் கந்தப்பா பிள்ளை. அவரும் தஞ்சை நால்வர் வழிதான். கண்டிப்புக்குப் பெயர் போனவர். பின்னாளில் அல்மோராவில் உதயசங்கர் நடத்திய கலை மையத்துக்குக் கற்பிக்கப் போனார். 40 வயதைக் கடந்த சிறிது காலத்திலேயே மறைந்தார். பாலசரஸ்வதியோ உலகப் புகழ் பெற்றார். 1973-ல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்ற முதல் நடனக் கலைஞர் அவர். சத்யஜித் ராய் 1976-ல் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். பாலா என்றால் சிருங்கார அபிநயம் என்று உலகம் வியந்தது. அந்தக் காலடிகளை அமைத்துக் கொடுத்த கந்தப்பாவின் பெயரோ நடன வட்டத்துக்குள்ளேயே நின்றுவிட்டது.

ருக்மிணி தேவியும் பாலசரஸ்வதியும் எதிரெதிர் துருவங்கள். சிருங்காரத்தைக் குறைத்துப் பக்தியை முன்னே வைக்க வேண்டும் என்றவர் ஒருவர். சிருங்காரமே இந்தக் கலையின் உயிர், அதில் தூய்மைப்படுத்த எதுவும் இல்லை என்றவர் மற்றவர். இந்த விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் எதிரெதிர் நின்ற இந்த இருவருமே மயிலாப்பூர் கௌரி அம்மாளின் முன் உட்கார்ந்து கற்றவர்கள்!

கௌரி அம்மாள் மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலில் ஆடியவர். சிறுமி பாலா அவர் ஆடுவதைப் பார்த்துத்தான் ஆட ஆசைப்பட்டார். பின்னாளில் அவரிடமே அபிநயம் கற்றார். ருக்மிணி தேவியும் கற்றார். அவர் கலாக்ஷேத்திராவிலும் கற்பித்தார். சங்கீத நாடக அகாடமி விருதும் பெற்றார். ஆனால் கோயிலில் ஆடும் உரிமை போனதோடு வாழ்வின் பிடிமானமும் போயிருந்தது. கடைசி நாட்கள் வறுமையில்தான் கழிந்தன. 1971-ல் மறைந்தார். 20-ஆம் நூற்றாண்டின் இரு பெரும் நடனப் பெண்மணிகளுக்கும் முகபாவம் சொல்லித் தந்தவரின் கதை இது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். கலை பிழைத்தது, அதைக் காப்பாற்றி வைத்திருந்த குடும்பத்துப் பெண்கள் பலருக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. புதிய மேடையில் புதிய குடும்பத்துப் பெண்கள் ஆடினார்கள். பழைய குடும்பத்து ஆண்கள் நட்டுவனார்களாகப் பின்னால் நின்று பிழைத்தார்கள். பிறகு அந்த இடமும் சுருங்கியது. முன்பு சதிரில் நட்டுவனாரும் மத்தளக்காரரும் ஆடுபவரின் பின்னாலேயே நின்று, கூடவே நடந்து வாசிப்பார்கள். பின்னாளில் மேடையின் ஓரத்தில் உட்கார வைத்தார்கள். பார்வைக்கு அழகுதான். ஆனால் ஆசான் ஓரத்துக்குப் போனது அந்த நாளிலிருந்துதான் என்று எனக்குத் தோன்றும். அழைப்பிதழில் எழுத்து சிறுத்ததும் அதன் தொடர்ச்சிதானே?

வழுவூர் ராமையா பிள்ளையை (1910–1979) விட்டுவிட்டால் என் தலைமுறை என்னை மன்னிக்காது. 1947-ல் வெளிவந்த 'நாம் இருவர்' படத்தில் குமாரி கமலா பாரதியார் பாட்டுக்கு ஆடியதைப் பார்த்துவிட்டுத்தான் எத்தனையோ வீடுகளில் பெண் குழந்தைகளை நடனத்துக்கு அனுப்பினார்கள். கமலாவை உருவாக்கியவர் ராமையா பிள்ளை. லலிதா, பத்மினி, ராகினி சகோதரிகளும் அவரிடம் கற்றவர்களே. அவருடைய மாணவி கே. ஜே. சரஸா ஆண்களே செய்துவந்த நட்டுவாங்கத்தைத் தம் கையில் எடுத்த முன்னோடிப் பெண்களில் ஒருவர். ஜெயலலிதாவுக்கு நடனம் கற்பித்தவரும் இவர்தான்.

கடைசியாக ஒருவர். தஞ்சை நால்வரில் சிவானந்தத்தின் வழியில் வந்த கிட்டப்பா பிள்ளை (1913–1999). முன்னோர் இயற்றிய உருப்படிகளைத் தொகுத்து நூலாக்கினார். வைஜெயந்திமாலா, சுதாராணி ரகுபதி போன்ற புகழ்பெற்றவர்கள் அவரிடம் பயின்றார்கள். ஆனால் அவர் செய்ததில் எனக்கு மிகப் பெரியதாகத் தோன்றுவது வேறொன்று.

மதுரையில் பிறந்த ஒரு திருநங்கை, சொந்த வீட்டிலேயே இடமில்லாமல், ஆட வேண்டும் என்ற ஒரே ஆசையோடு தஞ்சாவூருக்கு அவரைத் தேடி வந்தார். அப்போது கிட்டப்பா பிள்ளைக்கு 70 வயது கடந்திருந்தது. ஊர் என்ன பேசும் என்று நினைத்து அனுப்பி வைத்திருக்கலாம். அவர் ஏற்றுக்கொண்டார். குருகுல முறையில் ஏறத்தாழ 15 ஆண்டுகள் கற்பித்தார். 'நர்த்தகி' என்று பெயரும் வைத்தார். அந்த நர்த்தகி நடராஜுக்கு 2019-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பத்ம விருது பெற்ற முதல் திருநங்கை அவர். அரசவையில் தொடங்கிய ஒரு பரம்பரையின் சொத்து, சமூகம் தள்ளி வைத்த ஒருவரின் கைக்கு முழுதாகப் போய்ச் சேர்ந்தது. வகுப்பறையில் எந்தப் பிள்ளையையும் ஓரமாக உட்கார வைக்கக் கூடாது என்று பயிற்சிப் பள்ளியில் படித்தோம். கிட்டப்பா பிள்ளை அதைச் செய்து காட்டினார்.

இவ்வளவும் எழுதியது ஒரு சின்ன வேண்டுகோளுக்காகத்தான். உங்கள் வீட்டில் நடனம் கற்கும் பிள்ளை இருந்தால், இன்று மாலை உட்கார வைத்து மூன்று கேள்வி கேளுங்கள். உன் ஆசிரியர் பெயர் என்ன? அவர் யாரிடம் கற்றார்? அந்த ஆசிரியர் யாரிடம் கற்றார்? பதில் தெரியாவிட்டால் ஆசிரியரிடமே கேட்டு ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நாலைந்து பெயர் எழுதுவதற்குள் பந்தநல்லூரோ வழுவூரோ தஞ்சை மேலவீதியோ வந்துவிட வாய்ப்பு உண்டு. அந்தப் பெயர் வரிசையை அரங்கேற்ற அழைப்பிதழின் முதல் பக்கத்தில், பிள்ளையின் பெயருக்கு மேலே, அதே அளவு எழுத்தில் அச்சிடுங்கள். சிறப்பு விருந்தினர் கோபித்துக்கொண்டால் நான் பேசிக்கொள்கிறேன்.

அப்படி எழுதிய வரிசையைப் படம் எடுத்து எனக்கும் அனுப்புங்கள். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தித் தருவேன், பழக்கம் போகுமா!

எல்லாரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்